சனிக்கிழமைத் துடைப்பம்

சனிக்கிழமை நாலு மணி ஆனால் அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து அந்தத் துடைப்பத்தை எடுப்பாள். வீடு பெருக்குவது வேறு, இது கோயிலுக்கு. தென்னை ஈர்க்கை அப்பா ஒவ்வொன்றாகச் சீவி, பழைய சைக்கிள் டியூபை வார் வாராக வெட்டி அடியில் இறுக்கிக் கட்டியிருப்பார். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டிலிருந்து கோயில் நடக்கிற தூரம்தான். எங்களைப் போன்ற புராட்டஸ்டண்ட் குடும்பங்களில் அப்போது அது கோயில்தான். சர்ச் என்று சொல்லப் பழகியதெல்லாம் பிற்பாடு.

எனக்கு வாளி. புழுதி கிளம்பாமல் இருக்கப் பெருக்குவதற்கு முன் தரையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். கடலோர ஊர், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தாலும் காலோடு மணல் வந்துவிடும். பீடத்தில் தொடங்கி வாசலை நோக்கித்தான் பெருக்க வேண்டும், ஒருபோதும் துடைப்பம் பீடத்தை நோக்கிப் போகக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். பெஞ்சுக்கு அடியில் கொண்டை ஊசி கிடக்கும், காய்ந்த மல்லிகை கிடக்கும், பெப்பர்மிண்ட் சுற்றிய காகிதம் கிடக்கும். எப்போதாவது ஒரு பத்துப் பைசா அகப்படும். அது நேராகக் காணிக்கைப் பெட்டிக்குப் போகும். எனக்கு அப்போது பத்து வயது. வெளியே பையன்கள் கோலி ஆடுகிற சத்தம் கேட்கும். வாளியை வைத்துவிட்டு ஓடிப்போன சனிக்கிழமைகள்தான் அதிகம்.

அப்படி ஓடாத ஒரு நாளில் மூன்றாவது பெஞ்சு அருகே அம்மா நின்றுவிட்டாள். குனிந்து தரையைக் கையால் தடவினாள். “இந்த எடத்துல மணலே இல்ல பாரு. மூணு வாரமா வரல” என்றாள். யார் என்று சொல்லவில்லை. துடைப்பத்தைப் பெஞ்சில் சாய்த்துவிட்டு, அங்கேயே கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மணல் இல்லாத அந்த இடத்தையும் மற்ற இடங்களைப் போலவே பெருக்கிக்கொண்டு போனாள்.

1979-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். முதுநகர் சந்திப்பில் மீட்டர்கேஜ் ரயில் ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, அப்புறம் சிதம்பரம். சாலை வழியே போனால் சுமார் 45 கிலோமீட்டர். முதல் மூன்று மாதம் ஞாயிறு தவறாமல் சிதம்பரத்தில் ஆராதனைக்குப் போய், பிரசங்கம் எதைப் பற்றியது என்று அம்மாவுக்கு இன்லண்ட் லெட்டரில் எழுதினேன். பிறகு ஒரு ஞாயிறு தேர்வுக்குப் படிக்க வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு நண்பர்களோடு பிச்சாவரம் போனேன். அதற்கடுத்த ஞாயிறு காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

இரவு ஜெபம் நின்றதைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். விடுதி அறையில் நாங்கள் மூன்று பேர். மற்ற இருவரும் விழித்திருக்கும்போது முழங்கால் போடக் கூச்சமாக இருந்தது. படுத்துக்கொண்டே மனசுக்குள் ஜெபிக்கத் தொடங்கினேன். ஜெபம் முடிவதற்குள் தூக்கம் வந்துவிடும். சில மாதங்களில், தொடங்குவதற்குள்ளேயே தூக்கம் வந்தது. எந்த இரவோடு அது நின்றது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கன்வென்ஷன் மேடைகளில் சாட்சி சொல்கிறவர்களுக்கு இரட்சிக்கப்பட்ட தேதி இருக்கும், மணிகூட இருக்கும். விலகிப்போன தேதியை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதற்குத் தேதி இருப்பதில்லை என்பது என் அனுபவம்.

அந்த நாட்களில்தான் தமிழ் வகுப்பில் பெரியபுராணம் பாடமாக வந்தது. சேக்கிழார் அதை அரங்கேற்றியது சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில். வகுப்பிலிருந்து சைக்கிள் மிதித்தால் எட்டிவிடும் இடம். நெற்றி நிறையத் திருநீறு அணிந்த பேராசிரியர் திருநாவுக்கரசர் கதையை நடத்தினார். பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார், சமணத்தில் சேர்ந்து பாடலிபுத்திரத்தில், அதாவது எங்கள் திருப்பாதிரிப்புலியூரில், தருமசேனர் என்ற பெயரோடு பெரிய ஆசாரியராக இருக்கிறார். அவருடைய அக்கா திலகவதியார், கெடிலக் கரையில் திருவதிகை வீரட்டானத்தில் கோயிலைப் பெருக்கி மெழுகிப் பூத்தொடுத்துக்கொண்டு, தம்பியை மீட்டுத்தா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். தம்பிக்குச் சூலை நோய் வருகிறது. யாராலும் தீர்க்க முடியவில்லை. இரவோடு இரவாக அக்காவைத் தேடி வந்து காலில் விழுகிறார். (சமணர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இதற்கு வேறு கதை இருக்கும், அது நம் கைக்கு வரவில்லை.) அக்கா பெருக்கிய துடைப்பத்தைச் சேக்கிழார் திருவலகு என்கிறார், ஆண்டவன் சன்னிதியைத் தொடுவதால் அதற்குத் ‘திரு’ என்று பேராசிரியர் விளக்கினார். ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். தேர்வில் அந்தக் கேள்வி வந்தது, எழுதினேன், நல்ல மதிப்பெண். சைக்கிள் டியூப் கட்டிய துடைப்பம் ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

சிதம்பரத்திலேயே அரசு வேலை கிடைத்துத் தங்கிவிட்டேன். 1986-இல் அப்பா இறந்தபோது, சபைச் சந்தா பாக்கி இருக்கிறது, கட்டினால்தான் கல்லறைத் தோட்டத்தில் குழி என்று பொறுப்பில் இருந்த ஒருவர் வாசலில் நின்று சொன்னார். உள்ளே அப்பாவின் உடல். கடன் வாங்கிக் கட்டினேன். அன்றைக்கே, இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மரண வீட்டு வாசலில் நின்று கணக்குக் கேட்பது எந்தச் சபைக்கும் அடுக்காது. ஆனால் ஏன் கோயிலுக்குப் போவதில்லை என்று யார் கேட்டாலும் அடுத்த இருபது வருடம் அந்தக் கதையையே சொன்னேன். அது நடப்பதற்கு ஆறேழு வருடம் முன்பே ஜெபத்தை விட்டிருந்தேன் என்பதை ஒருவரிடமும் சொன்னதில்லை. செத்தது அம்மாவின் புருஷன், அவமானம் அவளுக்கும்தான். அடக்கம் முடிந்த அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கு அவள் துடைப்பத்தை எடுத்தாள். நான் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை அவள் கூப்பிடவில்லை.

பின்மாற்றம் என்று சபையில் ஒரு சொல் உண்டு. பிரசங்கத்தில் பின்மாற்றக்காரன் எப்போதும் குடிப்பான், சீட்டாடுவான், குடும்பத்தைத் தெருவில் விடுவான். நான் ஒன்றும் செய்யவில்லை. ஒழுங்காக வேலைக்குப் போனேன், வீட்டுக்கடன் கட்டினேன், மகளை ஞாயிறு பள்ளிக்குக் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டேன். மனைவி உள்ளே போவாள், நான் டீக்கடையில் பேப்பர் படிப்பேன். கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டினேன். எனக்கு ஆண்டவரிடம் கோபம் கிடையாது, சந்தேகமும் கிடையாது. பேச ஒன்றுமில்லை, அவ்வளவுதான். அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை.

2004 கிறிஸ்துமஸ் சனிக்கிழமை வந்தது. கடலூரில் அம்மாவோடு சாப்பிட்டுவிட்டு இரவே சிதம்பரம் திரும்பினோம். மறுநாள் ஞாயிறு, தூங்கிக்கொண்டிருந்தேன். கடல் உள்ளே வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். போன் கிடைக்கவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் எதிரே ஜனங்கள், டிராக்டரிலும் டெம்போவிலும், பலர் நடந்தும்.

அம்மாவை ஒரு பள்ளிக்கூட ஹாலில் கண்டுபிடித்தேன். சிங்காரத்தோப்பு, சோனங்குப்பம் பக்கத்து ஜனங்கள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சேறான தரையைப் பெருக்கிப் பாய் விரித்துக்கொண்டிருந்தாள். எழுபது வயது அவளுக்கு. என்னைப் பார்த்ததும், “அந்த மூலையில பாய் இருக்கு, எடு” என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. பாய் விரித்த இடத்தில் ஒரு பெண் முந்தானையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அது காய்ந்த பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள் என்பது பிற்பாடு வந்த கணக்கு. அன்றைக்கு எங்கள் கண்ணில் இருந்தது அந்த முந்தானை.

அன்று இரவு கொல்லையில் நின்று வாய்விட்டுக் கேட்டேன். ஏன் இப்படிச் செய்தீர், நேற்றுத்தானே உம்முடைய பிறந்தநாள் என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது, இருபத்தைந்து வருடத்தில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. பின்னால் அம்மா நின்றிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். “கேளு. நல்லாக் கேளு. நானும் காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள்.

அதோடு திரும்பிவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. ஒரு மாதம் நிவாரண வேலைக்கு ஓடினேன், பிறகு அலுவலகம், ஞாயிறு, டீக்கடை, பேப்பர்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. எங்கள் பழைய வீட்டு ஓடு பாதி பறந்தது. அம்மாவைச் சிதம்பரத்துக்கு அழைத்து வந்தேன். அதற்குள் கண்ணில் நீர் அழுத்த நோய் முற்றி, வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. வந்த மூன்றாம் நாள் ராத்திரி பையிலிருந்து தன் வேதாகமத்தை எடுத்து நீட்டினாள். பெரிய எழுத்து, கறுப்பு அட்டை, முதல் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் கல்யாணத் தேதி.

“படிப்பா. லூக்காலேர்ந்து ஆரம்பி.”

மனைவி படிக்கட்டுமே என்றேன். “உன் கொரல்ல கேக்கணும்” என்றாள்.

இரவு எட்டரை மணி என்று வைத்துக்கொண்டோம். பழைய திருப்புதலின் தமிழ் என் நாக்குக்கு அந்நியமாகியிருந்தது. தடுக்கித் தடுக்கிப் படித்தேன். அவசரத்தில் ஒரு சொல்லை விழுங்கினால் உடனே நிறுத்துவாள். “நடுவுல ‘அப்பொழுது’ன்னு ஒண்ணு இருக்கும் பாரு. விட்டுட்ட.” இருக்கும். சில நாள் நான் வாக்கியத்தைத் தொடங்குவேன், அவள் உதடு முடிக்கும். இவ்வளவும் மனப்பாடமாக இருக்கிறவளுக்கு நான் எதற்குப் படிக்க வேண்டும் என்று முதலில் எரிச்சல் வந்தது. சில வாரத்தில் எட்டே காலுக்கே கண்ணாடியைத் தேடத் தொடங்கியிருந்தேன்.

மார்கழியில் விடியுமுன் கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை கேட்கும். “இவங்கல்லாம் எவ்ளோ சீக்கிரம் எழுந்துட்டாங்க” என்று அவளும் எழுந்து உட்கார்ந்து ஜெபம் பண்ணுவாள்.

லூக்கா 15-ஆம் அதிகாரம் வந்த ராத்திரி நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதில் தொலைந்தவை மூன்று: ஆடு, காசு, மகன். மகனைத்தான் எல்லோருக்கும் தெரியும்; ஞாயிறு பள்ளியில் நாடகம் போட்டு என்னைப் பன்றி மேய்க்க வைத்திருக்கிறார்கள். அன்று என்னை நிறுத்தியது நடுவில் இருக்கிற காசு. ஆடு வழிதவறி வெளியே போனது, மகன் சொத்தைப் பிரித்துக்கொண்டு தூர தேசம் போனான். காசு எங்கும் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே கிடந்து தொலைந்தது. அதைத் தேட அந்தப் பெண் விளக்கை ஏற்றி வீட்டைப் பெருக்குகிறாள்.

“ஏன் நிறுத்திட்ட?”

“அந்தக் காசுக்குத் தான் தொலைஞ்சதே தெரியாதில்லம்மா?”

“காசுக்கு எப்படிப்பா தெரியும்? தேடுறவளுக்குத்தான் தெரியும்.”

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பேச்சை மாற்றத்தான் திலகவதியார் கதையைச் சொன்னேன். முப்பது வருடத்துக்கு முன் தேர்வுக்கு எழுதியது, வரிசையாக வந்தது. அம்மா கவனமாகக் கேட்டாள். பாதிரிப்புலியூர், அதிகை, கெடிலம், எல்லாம் அவளுக்குத் தெரிந்த இடங்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“தம்பி வந்து விழுந்தானே, இத்தன வருஷம் எங்கடா போனேன்னு அக்கா கேட்டாளா?”

“இல்லம்மா. எழுந்திருன்னு சொல்லித் திருநீறு குடுத்தா. விடிகாலையில துடைப்பமும் மெழுகுற சாணியும் தண்ணிக் கொடமும் எடுத்துக்கிட்டுக் கோயிலுக்குப் போகும்போது அவனையும் கூட்டிக்கிட்டுப் போனா.”

“தொடப்பத்தோடவா?”

“ஆமா.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “நம்ம ஊர்ப் பொண்ணுல்ல” என்றாள். பிறகு, “மிச்சத்தப் படி.”

2017 வரை படித்தேன். முழு வேதாகமமும் இரண்டு தடவை, சங்கீதம் எத்தனை தடவை என்று கணக்கில்லை. அம்மாவை அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்த ராத்திரி வீடு நிறைய உறவுக்காரர்கள். எட்டரை மணிக்கு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, காலியான கட்டிலுக்கு எதிரே அதே நாற்காலியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து உரக்கப் படித்தேன். ஒரு சொல்லை விழுங்கினேன். திருத்த ஆள் இல்லை. திரும்ப முதலிலிருந்து படித்தேன். அதற்கப்புறம் முழங்கால் போட்டேன். விடுதி அறையில் விட்டது சிதம்பரத்திலேயே மறுபடி கிடைத்தது.

2019-இல் ஓய்வு பெற்று, ஓட்டு வீட்டைச் சரிசெய்து, கடலூருக்கே குடிவந்தோம். வீட்டில் படிப்பதும் ஜெபிப்பதும் ஆகிவிட்டது. கோயில் வாசல்தான் மிச்சம். சந்தா கேட்டவர் எப்போதோ காலமாகிவிட்டார். அவரை மன்னிக்க எனக்கு அந்த ஒரு வருடம் பிடித்தது. 2020 லெந்து நாட்களில் ஞாயிறு தவறாமல் போவதென்று முடிவெடுத்து, கடைசியிலிருந்து இரண்டாவது பெஞ்சில் வலது ஓரத்தில் உட்கார்ந்தேன். மூன்று ஞாயிறு. மார்ச் 22 மக்கள் ஊரடங்கு, 25 முதல் நாடே அடைத்துவிட்டது. முப்பத்து நாலு வருடம் கதவு திறந்திருந்தது, நான் வெளியே நின்றேன். நான் போகிறபோது கதவில் பூட்டு. அந்த ஈஸ்டரைக் கைபேசியில் கேட்டபோது அழுதேன்.

அடைபட்டிருந்த மாதங்களில் எங்கள் ஊர்ச் சபை வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் 1717-இல் கடலூரில் பள்ளி தொடங்க வழிசெய்தார்; ஆனால் மிஷன் இங்கே நிலைகொள்ள 1737 ஆகிவிட்டது. 1740-இல் வந்த கீர்னாந்தர் பதினெட்டு வருடம் உழைத்தார். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரையும் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையையும் பிடித்தபோது அவர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். அடுத்த பத்தாண்டுக்குள் கெரிக்கே வந்து பணியைத் தொடர்ந்தார். பெரியவர்கள் வந்ததும் போனதும் கடிதங்களில் இருக்கிறது. அவர்கள் இல்லாத நாளில் ஜெபித்துக்கொண்டிருந்த கடலூர்ப் பெண்களின் பெயர் எதையும் நான் பார்க்கவில்லை. அந்த நாட்களிலும் யாரோ பெருக்கியிருப்பார்கள்.

அந்த ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்குக் காவியுடுத்தி நடந்து போகிறவர்கள் யாரும் எங்கள் சாலையில் வரவில்லை. செப்டம்பர் 1-ஆம் தேதி வழிபாட்டுத் தலங்களைத் திறக்கலாம் என்று அரசு சொன்னது. கோயில்பிள்ளைக்கு வயதாகிவிட்டது, மூச்சிரைப்பு வேறு. ஞாயிறு ஆராதனைக்குள் சுத்தம் செய்ய யார் வருகிறீர்கள் என்று போதகர் ஐயர் கேட்டார். நான் வருகிறேன் என்றேன்.

ஈர்க்கைச் சீவ இரண்டு நாள் ஆனது. அப்பா கை எனக்கு இல்லை. சைக்கிள் டியூபுக்கு மூன்று கடை ஏறி இறங்கினேன். சனிக்கிழமை நாலு மணிக்குக் கதவைத் திறந்தபோது ஐந்து மாதத்துப் புழுதி ஒரே சீராகப் படிந்திருந்தது, எந்தப் பெஞ்சுக்கும் வித்தியாசம் இல்லாமல். தண்ணீர் தெளித்து, பீடத்தில் தொடங்கி, வாசல்வரை பெருக்கி முடிக்க இருட்டிவிட்டது.

மறு சனிக்கிழமையும் போனேன். இடைவெளி விட்டு உட்கார வேண்டும் என்று பெஞ்சுகளில் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தார்கள். கடைசியிலிருந்து இரண்டாவது பெஞ்சு, வலது ஓரம். குனிந்து கையால் தடவினேன். உள்ளங்கையில் மணல் ஒட்டியது.

நாலு பெஞ்சு தள்ளி, முதல் ஞாயிறு வந்திருந்த ஒரு பெரியவர் உட்கார்ந்த இடம். தடவிப் பார்த்தேன். தரை வழவழவென்று இருந்தது. துடைப்பத்தைப் பெஞ்சில் சாய்த்து வைத்தேன்.